அம்மனுக்கு வாங்கிய அத்தர்

ஆடி, வியாழன் இரவு.

நாளை திருவாமாத்தூர் அம்மன் அபிஷேகத்துக்கென்று திண்டிவனத்தில் அத்தர் வாங்கினேன். கடைக்காரர் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிப் பார்க்கச் சொன்னார்.

"ஜல்தியா முடிவு பண்ணாதீங்கக்கா. இப்ப எலுமிச்சை வரும், பறந்துடும். அப்புறம் மல்லி. கடைசியா நிக்கிற சந்தனந்தான் சரக்கு."

பஸ்ஸில் முகர்ந்துகொண்டே வந்தேன். மல்லி வந்தபோதுதான் உறைத்தது. சாமிக்கு வைக்கும் பூவைக்கூட நான் முகர்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஓரகத்தி சிரித்தாள். "நீ மோந்தது கடைக்காரர் சீசாவ. அம்மன் சீசா பிரிக்காமத்தானே இருக்குது? பேஜாரு பண்ணாம தூங்குக்கா."

சீசா வேறானாலும் மணம் ஒன்றுதானே? முகராமல் வேறொன்று வாங்கலாம். ஆனால் அது அம்மன் மேல் கடைசியில் எப்படி நிற்கும் என்று யார் சொல்வது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். சந்தனம் போகவில்லை.