எல்லா மொழியிலும் அம்மாவின் நடை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் வலது முழங்காலைத் தவிர. அதுவும் முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா, அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் நாலு வரி எழுது, போனில் நீ சொல்லும் 'ம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்பதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொல்லப்போகிற சங்கதியையும் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு 'ஸ்டூடியோவுல அப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்றேன், வேற ஒண்ணுமில்ல' என்று முடித்துவிடுவாள். நடந்தது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை, அதனால்தான் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு 'சத்தம் போடுறார்' என்று சொல்லிவிட்டு வந்தாய், அதற்கப்புறம் அந்த டீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஓரடி தள்ளியே நின்றார். படத்தில் நடக்கிறவருக்குக் காலடிச் சத்தம், கதவுக்குக் கிறீச், கோப்பைக்கு ஒரு டங் என்று திரையைப் பார்த்துக்கொண்டே செய்து மைக்கில் பிடிக்கிற வேலை என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் நீ அடுத்த வகுப்புக்கே போய்விட்டாய். அந்த வேலைதான் கொஞ்ச காலமாக ஆட்டம் கண்டுகொண்டிருந்தது, உன்னிடம் சொல்லிக் கலங்கடிக்க வேண்டாமென்று இருந்துவிட்டோம். தியேட்டருக்குப் போகிற கூட்டம் குறைந்தது, அதனால் படம் எடுப்பது குறைந்தது, டிவி சீரியல்காரர்களோ கம்ப்யூட்டரில் பிடித்துவைத்த ஒரே காலடியை மாமனாருக்கும் வில்லனுக்கும் அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தைக்கும் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள், இந்த ஸ்ட்ரீமிங் வந்து நம் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது என்று டீக்கடையில் நின்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். எங்கள் முதலாளி ஒலிப்பதிவு அறையை உடற்பயிற்சிக் கூடம் வைக்கிற ஒருவருக்கு விடுவதாகப் பேசிவிட்டார், அந்த ஆளும் டேப்போடு வந்து சுவரை அளந்தார். அலமாரி நிறைய நான் சேர்த்து வைத்திருந்த பூட்ஸையும் ஹீல்ஸையும் ரப்பர் செருப்பையும் பார்த்து, இங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான் ஒருத்தன்தான் என்றேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு சற்று வேகமாகவே போய்விட்டார்.

அப்படி இருந்தபோது வேலை எங்கிருந்து வந்தது என்கிறாய், அதே ஸ்ட்ரீமிங்கில் இருந்துதான். ஒரு பெரிய ஓட்டலில் மேலாளராக இருக்கிற பெண்ணின் கதை, தங்க வந்த ஒருவர் காணாமல் போகிறார், அவரைத் தேடிக்கொண்டு இவள் எட்டு எபிசோடும் நடக்கிறாள், மாடி ஏறுகிறாள், சமையல்கட்டுக்குள் நுழைகிறாள், உட்காருகிற வழக்கமே இல்லை. எங்கள் ஒலிப்பதிவாளப் பெண்ணை உனக்குத் தெரியாது, நீ போனதற்கப்புறம் சேர்ந்தவள், அடுத்த அறையில் ஊசி விழுந்தாலும் எந்த அளவு ஊசி என்று கேட்பாள், அதனால் அவளுக்குப் பாம்புச்செவி என்று பேர் வைத்திருக்கிறோம். அவள்தான் எனக்கு விஷயத்தைப் பிரித்துச் சொன்னாள். இந்தத் தொடர் ஒரே நாளில் ஊர் உலகமெல்லாம் அந்தந்த மொழியில் போகுமாம். வேறு மொழியில் டப்பிங் செய்ய நம் வசனத்தை எடுத்துவிட வேண்டும், படப்பிடிப்பில் வசனத்தோடு சேர்ந்து பதிவான செருப்புச் சத்தமும் சாவிச் சத்தமும் அதோடு போய்விடும், அப்புறம் எல்லாரும் பேய் மாதிரி சத்தமில்லாமல் மிதப்பார்கள். அதனால் ஒவ்வோர் அடியையும், வைக்கிற ஒவ்வொரு டம்ளரையும் நாம் புதிதாகச் செய்து தனியாகக் கொடுக்க வேண்டும். ஆக, எந்தச் சனியன் என் வேலையைத் தின்றது என்று நினைத்தேனோ அதுவே ஒரு கூடை வேலையோடு வாசலில் வந்து நின்றது. அந்த வாரம் டீக்கடைப் பக்கமே போகவில்லை, போனால் பேச்சை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் அம்மாடி, என் முழங்கால் இருக்கிறதே. முதல் எபிசோடுக்கு நான்தான் நடந்தேன், பெண் நடையெல்லாம் எனக்குப் புதிதில்லை, எத்தனையோ கதாநாயகிகளுக்கு நடந்தவன். பாதியில் பாம்புச்செவி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினாள், 'சார், உங்க முட்டி பேசுது' என்றாள். பதிவைப் போட்டுக் கேட்டேன், உண்மைதான், ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு சின்ன டிக். அதை எப்படியோ துடைத்து அனுப்பினோம், தொடரை எடுக்கிற கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. கதாநாயகி களைத்துப்போனவள் மாதிரி நடக்கிறாள், இவள் யாரையும் கண்டுபிடிக்க மாட்டாள் என்று தோன்றுகிறது, வரும் வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஊர் ஸ்டூடியோவிடம் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி டேப் ஆளுக்குப் போன் செய்வது என் காதில் விழுந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கதாநாயகிக்காக எடுத்துவைத்த ஹீல்ஸைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிஜமாகவே பயந்துபோனேன். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும், தெருவில் போய் யாருக்காக நடப்பது.

மறுநாள் காலை முட்டிக்குப் போடுகிற உறையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். உன் அம்மா எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியும் மறந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை, வெளியே நீளமான தாழ்வாரத்தில் அவள் வருகிறாள். அவள் கோபமாக வரும்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, ஓடமாட்டாள், வேகமும் இருக்காது, ஆனால் ஒவ்வோர் அடியும் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லும். நீ பரீட்சை மார்க்கை ஒளித்துவைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டே கட்டிலுக்கு அடியில் போனவள்தானே. பாம்புச்செவி எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள், உன் அம்மா உள்ளே வந்து என் மடியில் உறையைப் போட்டு, மூன்று நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினாள், அது முடியும்வரை அந்தப் பெண் பொறுமையாக இருந்துவிட்டுப் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். 'சார், இவங்கதான் அவ' என்றாள் பாம்புச்செவி. எவ என்று உன் அம்மா கேட்டாள்.

ஒத்துக்கொள்ளவைக்க அரை நாள் ஆயிற்று. துவைத்த துணி காய்கிறது என்றாள், வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை என்றாள், என் வயசுக்கு இதெல்லாம் கேலிக்கூத்து என்றாள். முதலாளியே வந்து கேட்டதும்தான் ஹீல்ஸை மாட்டினாள். மாட்டிக்கொண்டு நடந்தாள் பார், மரப்பலகையில் ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. கீழே காலைப் பார்க்கிறாள், மேலே திரையைப் பார்க்கிறாள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குப் பூராவும் ஒன்றும் தேறவில்லை. மறுநாளும் அப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் மத்தியானம்போல் ஒரு காட்சி, கதாநாயகி பூட்டின அறைக்கு முன்னால் நிற்கிறாள், உள்ளே போனால் வம்பு என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. உன் அம்மா 'அடியே, அதைத் திறக்காதே' என்று சொல்லிக்கொண்டே அவளோடு ஓரடி எடுத்து வைத்தாள், நின்றாள், திரும்பினாள், மறுபடி போனாள். கால் தானாகப் போயிற்று. கதைக்குள் போய்விட்டாள், அவ்வளவுதான், அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரே தொல்லை, அவள் திட்டுவதும் சேர்ந்து பதிவானது. வாயில் மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம், அதைக் கடித்துவிட்டாள். கடைசியில் கைக்குட்டையை மடித்துப் பல்லில் கவ்விக்கொண்டு நடந்தாள், அந்தக் கோலத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இதை அவளிடம் சொல்லிவிடாதே.

எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, மறைப்பானேன். இத்தனை வருஷம் நான் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள், எல்லாரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அது போனது கடைசி எபிசோடில்தான். கதாநாயகியும் அவளை விட்டுப் பிரிந்துபோன கணவரும் ஒரு நீளமான படிக்கட்டில் சேர்ந்து இறங்கி வருவார்கள், வசனமே கிடையாது, காலடி மட்டும்தான். அதைத் தனித்தனியாகப் பிடித்து ஒட்டினால் உயிர் இருக்காது, ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்று பாம்புச்செவி சொல்லிவிட்டாள். முட்டிக்கு உறையைப் போட்டுக்கொண்டு நானும் எழுந்தேன். உனக்குத்தான் தெரியுமே, தெருவில் நான் எப்போதும் முன்னால் போய்விடுவேன், அவள் பின்னால் வருவாள், கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். இங்கேயும் நான் பழக்கத்தில் முந்திவிட்டேன். உன் அம்மா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, 'மெதுவா வாங்க. அவளுக்கு இன்னும் கோவம் போகலை, அவரு அதுக்குக் காத்திருக்கணும்' என்றாள். நான் காத்திருந்தேன். அவள் ஓரடி, நான் ஓரடி, நடுப்படிக்கட்டில் இரண்டும் சேர்ந்து விழ ஆரம்பித்தன, திரையில் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, நாங்களும் பார்த்துக்கொள்ளவில்லை, படி முடிந்துவிட்டது. பாம்புச்செவி இன்னொரு முறை நடக்கச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையே முதல் எபிசோடை மறுபடி அனுப்பியிருந்தோம், திங்களன்று ஒரே வரியில் பதில் வந்தது, இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று. எட்டையும் முடித்துக் கொடுத்தாயிற்று, அடுத்து இரண்டு தொடர்கள் கையில் இருக்கின்றன, முதலாளி டேப் ஆளுக்குப் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டிவிட்டார். என் முட்டி சம்பந்தமான வேலைகள் இனி இல்லை, உட்கார்ந்தபடி கோப்பை, சாவி, துணி, எலும்பு முறிகிற சத்தத்துக்கு ஒடிக்கிற கேரட் என்று கைவேலை முழுக்க என் பொறுப்பு, கால் முழுக்க அம்மா பொறுப்பு. வீட்டில் மிச்சமாகும் கேரட்டைத் தினமும் நாங்களே சாப்பிட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் குறை. தெருவில் இப்போது நானும் அவளும் சேர்ந்துதான் நடந்து போகிறோம், முட்டி காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

தொடர் போன வாரம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நம் பாஷை புரியாது என்பதால் நீங்கள் அவருடைய மொழியில்தான் பார்ப்பீர்கள், நன்றாகப் பாருங்கள், பேசுவது யாரோ, நடப்பது உன் அம்மாதான். நாங்கள் இங்கே பெயரே வாயில் நுழையாத ஒரு மொழியில் போட்டுப் பார்த்தோம், அதிலும் அவள்தான் கோபமாக வந்துகொண்டிருந்தாள். ஆனால் எட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுத் தூங்காமல் மறுநாள் வேலைக்குப் போகாதே, ஒரு நாளைக்கு ஒன்று போதும், கண் கெட்டுவிடும். வேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள், மாப்பிள்ளையிடம் விட்டுக்கொடுத்துப் போ, அவரையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல். இரண்டு பேரும் குறைவில்லாமல், சிரித்த முகமாக நூறாண்டு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. எபிசோடு முடிந்ததும் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போதே அந்த ஆப் அவற்றை ஒரு மூலையில் பொடியாக ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. ரிமோட் மாப்பிள்ளை கையில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள், மூலையில் இருக்கிற அந்தப் பெயர்களின் மேல் அழுத்தினால் திரை முழுக்க விரியும், சமையல்காரர், வண்டி ஓட்டினவர் எல்லாரும் போகும்வரை பொறுமையாக இரு. கிட்டத்தட்டக் கடைசியில் உன் அம்மா பெயரும் அதற்குக் கீழே என் பெயரும் வரும். அகர வரிசைப்படி போட்டிருக்கிறார்கள் என்று பாம்புச்செவி சொன்னாள். அதெல்லாம் இல்லை, நடந்த வரிசைப்படி என்கிறாள் உன் அம்மா.

இப்படிக்கு,
அவளுக்கு அடுத்த வரியில் இருக்கும்
உன் அப்பா