பின் சக்கரம் ஒரு விரல் வெளியே

இன்னும் என்மேல் கோபமாக இருக்கும் என் அப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் பின் சக்கரங்களுக்கு ஸ்பேசர் போட்டுவிட்டேன். கூடவே கூடாது என்று நீங்கள் சொன்ன அதே ஸ்பேசர்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நானே வாங்கினேன், நானே மாட்டினேன்.

கத்துகிறதென்றால் இப்போதே கத்திவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்களோடு சேர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்பேசர் என்பது ஒரு விரல் தடிமன் உள்ள அலுமினிய வட்டத் தட்டு. சக்கரத்துக்கும் அது பொருந்தி நிற்கும் ஹப்புக்கும் நடுவில் வைத்து முடுக்கினால், சக்கரம் அந்த அளவுக்கு வெளியே வரும். வேகம் ஏறாது, மைலேஜும் ஏறாது. வண்டி நிற்கிற தோரணை மாறும், அவ்வளவுதான்.

அந்தத் தோரணைக்காகத்தான் நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். நம் காருக்கு உடம்பு அகலம், சக்கரமோ உள்ளுக்குள். பின்னால் நின்று பார்த்தால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி இருக்கும். டயர் கடையில் நாள் முழுக்க ஊரார் வண்டிகளின் சக்கரத்தைப் பார்த்துச் சரிசெய்கிறவள் நான். சொந்த வண்டி அப்படி நின்றால் எனக்குப் பொறுக்குமா?

“ஏட்டி கோமதி, காரு ஓடதுக்கா, நிக்கதுக்கா?” என்பீர்கள்.

“ஓடுத நேரத்தவிட நிக்குத நேரந்தானப்பா கூட?” என்பேன்.

“கம்பெனிக்காரன் என்ன கேனையனா? அவன் வச்ச எடத்துல சக்கரம் இருக்கட்டும்.”

கம்பெனிக்காரன்! குலதெய்வத்துக்கு அடுத்தபடி உங்களுக்கு அவன்தான். சீட்டுக்கு அவன் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறையைக்கூட நீங்கள் கழற்றவில்லை. சித்திரை வெயிலில் அதில் சாய்ந்து எழுந்தால் முதுகுத் தோல் உரிந்து வரும். “இருக்கட்டும்ட்டி, சீட்டு புதுசாவே இருக்கும்லா” என்பீர்கள். யாருக்காகப் புதிதாக இருக்கவேண்டும் என்று கேட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது அப்பா. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாம், “பாத்திரக்கடை அண்ணாச்சி அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டாவ” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கத்தினால் வண்ணார்பேட்டையில் பஸ் ஹாரனே கேட்காது.

சாமியாக்கியதோடு விட்டார்களா? என்னைத் தடுக்க நினைக்கிற ஒவ்வொருவரும் உங்களைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். முடியைக் குட்டையாக வெட்டினால், “அப்பா இருந்தா விடுவாவளா?” வேலை முடிந்து தாமதமாக வந்தால், “அப்பாவுக்குப் பிடிக்காதுட்டி.” இதை அதிகம் சொன்னவள் அம்மாதான். உயிரோடு இருந்த அப்பாவோடு மல்லுக்கட்ட முடிந்தது. சில நாள் நான் ஜெயித்தும் இருக்கிறேன். படத்துக்குள் போன அப்பா மட்டும் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறாராம். உங்கள் வாயில் சொல்லை வைக்க இவர்கள் யார்? என் அப்பாவோடு நான் சண்டை போடுகிறேன். நடுவில் மற்றவர்களுக்கு என்ன வேலை?

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை டயர் கடைக்கு ஓட்டிப்போனேன். முதலில் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து எறிந்தேன். பிறகு ஹப்பின் துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, நம் காருக்கு அச்சாகப் பொருந்தும் ஸ்பேசரை வைத்து, அளந்து முடுக்குகிற ஸ்பேனரால் முடுக்கினேன். கொஞ்ச தூரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடியும் சரிபார்த்தேன். பேரிங் சீக்கிரம் தேயும் என்பீர்கள். தேயும், மறுக்கவில்லை. தேய்ந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

வேலை முடிந்து பின்னால் போய் நின்று பார்த்தேன். அம்மாடி! காலை அகட்டி நின்றுகொண்டு “வாலே பாப்போம்” என்கிறது வண்டி. நீங்கள் இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்திருப்பீர்கள். சத்தியமாகப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பார்த்தது உங்கள் அண்ணன்.

“என்ன எளவுட்டி இது? சக்கரம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கு” என்றார் பெரியப்பா. “எந்தம்பி கண்ணுல வச்சுப் பாத்த வண்டி. பொட்டப்பிள்ள கையில குடுத்தா இப்படித்தான் ஆவும். சாவிய இசக்கிட்ட குடு. அவன் பழையபடி மாத்தி, ஒழுங்கா வச்சிக்கிடுவான்.”

இசக்கி அண்ணன், அவர் மகன், பின்னால் நின்று தலையை ஆட்டினான். நான் முடியாது என்றேன். கடைசியில் பெரியப்பா ஒரு பந்தயம் வைத்தார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் இந்தக் காரிலேயே போவது, சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தாலும் சாவி இசக்கி அண்ணனுக்கு. ரோஷத்தில் நானும் சரி என்றுவிட்டேன். உங்கள் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. பாத்திரக்கடையும் பெரியப்பா கைக்குப் போயாயிற்று. நீங்களும் நானும் சண்டை போட்ட இடம் என்று மிச்சம் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

துட்டி வீடு என்று போன பங்குனிக்கு நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. இந்த வருஷம் வழக்கம்போல நெருக்கியடித்து ஒன்பது பேர் ஏறினோம். முன் சீட்டில் பெரியப்பா. பின்னால் பெரியம்மா, அத்தை, இசக்கி அண்ணன், அவன் மனைவி. கதவோரம் மடியில் பொங்கல் பானையோடு அம்மா. அத்தை மகன்கள் இருவரும் டிக்கியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவள் மாதிரி பைய ஓட்டினேன்.

சீவலப்பேரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. பின் சக்கரம் ஏறி இறங்கியதுதான் தாமதம், கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

“நிறுத்துட்டி” என்று பெரியப்பா கையை நீட்டினார். “எந்தம்பி வேண்டாம்னு சொன்னாம்லா? எடு சாவிய.”

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். பாரத்தில் வண்டி அமுங்கி, மட்கார்டு விளிம்பு டயரில் உரசியிருந்தது. ஜெயித்துவிட்டீர்களே அப்பா என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் அந்தக் கூட்டம் தெரிந்தது. அப்போதுதான் உங்கள் கம்பெனிக்காரன் ஞாபகத்துக்கு வந்தான்.

அவன் இந்த வண்டியைச் செய்தது ஐந்து பேருக்கு. பெல்ட்டும் ஐந்துதான் வைத்தான். வருஷா வருஷம் அதில் ஒன்பது, பத்துப் பேரை ஏற்றியது யார்? கம்பெனிக்காரன் பேச்சை மீறினவர்களில் முதல் ஆள் நீங்கள்தானே அப்பா! நாம் வாய்ச்சண்டை போட்ட நாட்களில் இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. அப்போதே சொல்லியிருந்தால் உங்கள் மூஞ்சி போயிருக்கும் போக்கைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

“எல்லாரும் எறங்குங்க” என்றேன். “அஞ்சு பேருக்கு மேல இனிமே இதுல கெடையாது. பொம்பளைய ஏறட்டும். ஆம்பளைய டவுன் பஸ்ல வாங்க.”

“என்னையவா எறக்கி விடுத? சாமி கும்பிடப் போற வழியிலயா?”

“பஸ்ஸும் அங்கனதான் போவுது பெரியப்பா.”

இறங்கினார். கதவை அவர் சாத்திய சாத்தில் கார் குலுங்கியது. அத்தை மகன்கள் டிக்கியிலிருந்து குதித்துக் காலை உதறிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

முன் சீட்டு காலியாக இருந்தது. அம்மாவை அழைத்தேன். “அது ஒங்க பெரியப்பா எடம்ட்டி” என்றாள். பானையை வாங்கிப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு அம்மாவை முன்னால் உட்காரவைத்தேன். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன். வண்டியைப் பின்னால் எடுத்து, அதே வேகத்தடையில் ஏறி இறங்கினேன். ஒரு சத்தம் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சொன்னாள்: “முன்னால இருந்தா ரோடு தெரியுதுட்டி.”

இத்தனை வருஷமும் நம்மோடு வந்தவள் எதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்? நீங்கள் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

கோயிலில் பொங்கல் பொங்கி இறக்கும் நேரத்துக்குப் பெரியப்பா வந்து சேர்ந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கோபம் முகத்தில் கொதித்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டினார்.

“சத்தம் வந்துச்சுலா? சொன்ன வாக்கு வாக்குதான். குடு சாவிய. எந்தம்பி இருந்தா இவ இந்த ஆட்டம் ஆடுவாளா?”

நான் வாயைத் திறப்பதற்குள், கரண்டியும் கையுமாக அம்மா எழுந்து நின்றாள்.

“அவிய இருந்தா கத்துவாவ, அத்தான். இவ கேக்க மாட்டா. ரெண்டு நா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவாவ. அதுக்குப் பெறவு சேந்து நின்னு காரக் கழுவுவாவ. இது அப்பனுக்கும் மவளுக்கும் உள்ள வழக்கு. இதுல நீங்க எங்கன வாரிய? பொங்கல் ஆறுது, உக்காருங்க.”

நீட்டிய கையில் இலையைக் கொடுத்தாள். பெரியப்பா உட்கார்ந்தார்.

நான் அரசமரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன் அப்பா. துட்டி வீட்டில் எல்லோரும் அழு அழு என்றபோது வராத அழுகை. அவர்கள் அழச்சொன்னது யாருக்கோ. அம்மா சொன்ன அப்பாதான் என் அப்பா.

சரி, அடுத்த சேதி. அம்மா கார் பழகப் போகிறேன் என்கிறாள். கம்பெனி வைத்த சீட் அவளுக்குப் பள்ளம், ரோடு தெரியாது. உயர்த்தித் தரப்போகிறேன். இதற்கும் ஏதாவது சொல்வீர்கள். சொல்லுங்கள். இனி எதைச் செய்தாலும் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்வேன், நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நான் செய்வேன். நான் இருக்கிறவரைக்கும் உங்களை வாய்மூடிச் சாமியாக உட்கார விடமாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் சொல்லுக்கு என்றும் அடங்காத
ஒரே மகள்,
கோமதி