எல்லை வலத்துக்கு எந்த ஊர்தி

மழை பொய்க்காதிருக்க, மலைவேலி சரியாதிருக்க. முகிற்பாறை நாட்டின் செங்கோல் தாங்கியவரும், பன்னிரு குன்றங்களுக்கு உரியவரும், கடற்றுறை இரண்டின் காவலருமாகிய நிறைமொழி நாச்சியார், தம் உடன்பிறந்தானும் கணவாய்க்கோட்டைத் தலைவனுமாகிய மருதவேளுக்கு விடுக்கும் ஓலை. உன் கோட்டைக் கதவுகள் உறுதியாக நிற்க. உன் காவலர் கண் அயராதிருக்க. உன் குதிரைகள் நோயின்றி வாழ்க. இவ்வோலையை எழுத்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. தனியே அமர்ந்து நீயே படி.

வரும் முழுமதி நாளன்று எல்லை வலம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நம் நாட்டை ஆள்பவர் ஊர்தியேறி மேற்கெல்லை நெடுகச் செல்வதும், சக்கரம் பதிந்த தடத்தின்மேல் நம் எழுத்தரும் வெண்ணாவல் நாட்டு எழுத்தரும் கூடிச் சுண்ணாம்பு தூவி வருவதும், அந்த வெள்ளைக் கோடே அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கு இரு நாட்டுக்கும் எல்லையாக நிற்பதும் நீ அறிந்தவை. சென்ற முறை நம் தந்தையார் நாலுருளியில் சென்றார். குதிரைமேல் இருப்பது போல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்டும் அந்த எண்ணெய் ஊர்தியில் ஒருவருக்கே இடம். அன்று பொழுது சாயுமுன் அவர் இறங்கியபோது இரு தோளும் வீங்கியிருந்தன. ஆனால் கோடு ஓர் அடியும் உள்வாங்கவில்லை.

இம்முறை யாம் அதே நாலுருளியில் செல்வதாகவே இருந்தது. அந்த வேளையில்தான் வெண்ணாவல் வேந்தர் பொழிற்கோவன், யாரும் கேளாமலே, நட்பின் அடையாளம் என்று சொல்லி ஓர் இணையிருக்கை வண்டியை அனுப்பிவைத்தார். இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரலாம். ஓட்டுபவர் வட்டத்தைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் கைகட்டிக்கொண்டு வரலாம். தலைக்குமேல் இரும்புச் சட்டம், மார்புக்கு வார், பின்னால் தண்ணீர்க் குடம் வைக்க இடம். நம் அமைச்சர் விழுப்பரையர் அதைக் கண்ட நாள் முதல் வேறு பேச்சே பேசவில்லை.

அவர் சொன்னவற்றை ஒளிக்காமல் எழுதுகிறோம். நாலுருளி ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டுபவரின் உடம்பையே சாய்க்கச் சொல்லும். சரிவில் கவிழ்ந்தால் தானும் ஆளின்மேல் விழும். கை ஓய்ந்தால் மாற்றி ஓட்ட ஆளில்லை. இணையிருக்கை வண்டியோ புரண்டாலும் சட்டம் தாங்கும். வீட்டில் அமர்ந்தது போல் செல்லலாம். வழியில் மயக்கம் வந்தால் பக்கத்தில் ஒருவர் இருப்பார். ஊர்திச்சாலைக் கண்காணி இடும்பனை அழைத்து, அரண்மனைக்குப் பின்னுள்ள கற்சரிவில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் செய்தோம். நாலுருளியை விட்டு இறங்கியவன் தோளைப் பிசைந்துகொண்டே மோர் கேட்டான். மற்றதிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். ஆக, அமைச்சர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எமக்கு முதலில் உறுத்தியது. பகை நாட்டிலிருந்து வந்த பண்டத்தில் ஒரு குறையாவது தென்பட வேண்டாமா?

தம்பி, எம் இயல்பு உனக்குத் தெரியும். சோற்றில் உப்பு சரியாக இருந்தால்கூட யார் போட்டது என்று கேட்பவள் நான். வண்டியின் அடியில் ஆள் நுழைத்துப் பார்த்தோம். எண்ணெயை முகர்ந்து பார்க்கச் சொன்னோம். மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறினோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் இடும்பன் தற்செயலாக அதன் அகலத்தை அளந்தான். மூன்றரை முழம்.

உன் காவலில் நிற்கும் இடுக்குப்பாறையின் வாயகலம் மூன்று முழமும் நான்கு விரலும். நாலுருளி உரசாமல் நுழையும். இணையிருக்கை வண்டி நுழையாது. எல்லைப் பாறையைச் செதுக்கக் கூடாதென்பது இரு நாட்டு உடன்படிக்கை. ஆதலின் அந்த வண்டியில் சென்றால் இடுக்கின் வாயில் நின்று திரும்பி, மலையடியில் ஓடை மணல் வழியே சுற்றித்தான் போக வேண்டும். இடுக்கைக் கடந்து போகும் மேல்வழிக்கும் அந்தக் கீழ்வழிக்கும் நடுவில் மேலூற்று, கற்குடி, வாரணமேடு என மூன்று ஊர்கள் இருக்கின்றன. யாம் மெத்தையில் சாய்ந்தபடி ஒரு வாள்கூட உருவாமல் மூன்றையும் பொழிற்கோவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

செய்தி எப்படியோ அவ்வூர்களுக்கும் எட்டிவிட்டது. மேலூற்றிலிருந்து காடம்மை என்னும் ஆட்டுக்காரி இரண்டு நாள் நடந்து வந்து அவையில் நின்றாள். அமைச்சர் அவளுக்கு வண்டியின் சிறப்பை எடுத்துச் சொல்லத் தொடங்க, அவள் அவரைப் பாராமல் எம்மையே பார்த்துச் சொன்னாள். அவள் சொல்லைத் திருத்தாமல் எழுதச் செய்தோம்: “ராணி எந்த வண்டியில வேணும்னாலும் போகட்டும். போன பெறகு நாங்க யாரு ஊருன்னு மட்டும் சொல்லிட்டுப் போகட்டும்.” எமக்கு வெட்கமாயிருந்தது.

அப்படியானால் நாலுருளியில் ஏறிவிட வேண்டியதுதானே என்று மற்றவர் கேட்பர். நீ கேட்க மாட்டாய். எம் வயிற்றில் ஐந்து திங்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் குலுக்கலில் ஒரு நாழிகை போனாலும் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி ஆவுடை தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

இனிச் சொல்வதை மெல்லப் படி. அந்த வண்டியில் ஓட்டுபவர் இருக்கையில் இல்லாத ஒரு மாற்றம் மற்ற இருக்கையில் இருக்கிறது. அதன் வார் வயிற்றின்மேல் அழுந்தாமல் அடிவயிற்றுக்குக் கீழே போகும்படி தாழ்த்தித் தைக்கப்பட்டிருக்கிறது; முதுகு மெத்தையில் இடுப்புக்கு மட்டும் தனிப் பஞ்சு. இடும்பன் அதைக் கண்டு, இது பிள்ளைத்தாய்ச்சிக்குத் தைத்த வார் அல்லவா என்று சொல்லிவிட்டு, எம் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பொழிற்கோவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாம் நாலுருளியில் ஏற முடியாதென்று அறிந்தே இந்த வண்டியை அனுப்பியிருக்கிறார்.

எம் கணவர் கப்பலேறி நான்கு திங்கள் ஆகிறது. அவருக்கே இன்னும் செய்தி எட்டவில்லை. அமைச்சருக்குத் தெரியாது, அந்த வார் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று அவரே எம்மிடம் வந்து கேட்டார். அவர் வண்டியோடு வந்த தூதுவரின் பேச்சில் மயங்கியவர், அவ்வளவே. ஆவுடை கருவைக் கண்டு சொன்ன நாளிலிருந்து எம் அறைக்கு வெளியே கால் வைத்ததில்லை. அவளையும் ஐயுற்று அவள் மருந்துப் பெட்டியைக்கூடக் கிளறிப் பார்த்தோம், அவள் அழுதாள். மீதியுள்ளவன் நீ ஒருவன். இச்செய்தியை என் கையால் எழுதி உனக்கு மட்டும்தான் அனுப்பினேன்.

உன் கோட்டை வாயிலில் ஆள்விட்டு விசாரித்தோம். உன் ஆள் ஒருவன் எம் மணிக்கட்டின் அளவை நூலில் முடிந்து எடுத்துக்கொண்டு வெண்ணாவல் தலைநகருக்குப் போய், ஏழாம் திங்கள் வளைகாப்புக்கென்று கண்ணாடி வளையல் சொல்லிவைத்து வந்தானாம். யாருக்கென்று வளையற்காரர் கேட்க, எங்கள் தலைவர் தாய்மாமன் ஆகப்போகிறார் என்று பெருமையடித்துக்கொண்டானாம். உலகிலேயே நல்ல வளையல் அங்கேதான் கிடைக்கும் என்பதும் உண்மை. நீ சிறு வயது முதல் எமக்கு எதையும் நல்லதாகவே தேடிக் கொணர்பவன் என்பதும் உண்மை. இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. உடனே நெஞ்சு கனத்தது.

ஏனெனில் உன் சென்ற ஓலை எம்மிடம் இருக்கிறது. அக்கா, அந்த இணையிருக்கை வண்டியிலேயே வாருங்கள், கீழ்வழி மணலாக இருப்பதால் குலுங்காது என்று அதில் எழுதியிருக்கிறாய். நாள்தோறும் இடுக்குப்பாறையின் நிழலில் நின்று காவல் பார்ப்பவன் நீ. அதன் அகலம் உனக்குத் தெரியாததா? கீழ்வழியில் சக்கரம் பட்டால் என்ன ஆகும் என்பது தெரியாததா? எம் பிள்ளைமேல் உள்ள பாசத்தால் மூன்று ஊரை மறந்தாயா, அல்லது வளையலோடு வேறொரு பேச்சும் அங்கே முடிந்ததா? பல நாள் எண்ணிப் பார்த்துவிட்டோம். தெளியவில்லை. உன்னை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை, மருதா.

ஆதலின் எம் ஆணை இது. ஆள்பவர் உடல்நலமில்லாதபோது அவரோடு ஒரு வயிற்றில் பிறந்தவர் முத்திரை மோதிரம் அணிந்து வலம் வரலாம் என்பது பழைய முறை. இவ்வோலையோடு இடும்பன் நாலுருளியையும் எம் மோதிரத்தையும் கொணர்கிறான். முழுமதி நாளன்று கதிரெழும்போது நீ தனியே அதில் ஏற வேண்டும். சுண்ணாம்பு தூவும் எழுத்தரன்றி உன்னோடு ஆள் வராது. உன்னைத் தடுக்கவும் ஆள் வராது. இடுக்கின் வாயில் வந்ததும் மேலே போவதும் கீழே திரும்புவதும் உன் கையில்.

அன்று யாம் அரண்மனையில் இருக்க மாட்டோம். முந்தின நாளே பல்லக்கில் மேலூற்றுக்கு வந்து, காடம்மையின் ஊராரோடு ஊருணிக் கரையில் நிற்போம். காவற்படை கொணர மாட்டோம். எம்மை மீட்க ஒரு வீரனும் எல்லை கடக்கக் கூடாதென்று விழுப்பரையருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நீ மேல்வழி வந்தால் எம் நாட்டில் நிற்போம். கீழ்வழி திரும்பினால், சுண்ணாம்பு விழுந்த அக்கணமே எம் காலடி மண் பொழிற்கோவனுடையது. உன் அக்காளும் உன் மருமகப்பிள்ளையும் அவர் சிறையில்.

இது முகிற்பாறை அரியணையின் ஆணை. மறுமொழி ஓலை வேண்டா. அரக்கும் முகில் முத்திரையும் இட்டு, எம் கையாலேயே கட்டினோம். படித்து முடித்ததும் நாலுருளிக்கு எண்ணெய் ஊற்று.