நட்டத்தை வாயால் சொன்ன நாள்

பாயம்மா,

இன்று விடியலில் ஒரு தூறல் போட்டது. பெரிய மழை இல்லை. ஆனாலும் மணலில் விரித்திருந்த நெத்திலியின் மேல் நான் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் கால்வாசி நனைந்துவிட்டது. நனைந்த நெத்திலிக்கு ஒரு வாடை உண்டு. காய்ந்த கருவாட்டு வாடை வேறு, இது வேறு. பழைய கோணியை ஊறப் போட்ட மாதிரி, உள்ளே லேசாக ஒரு புளிப்பு. அது மூக்கில் ஏறியதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் அத்தர் வாசனையில் ஆள் ஞாபகம் வரும், உனக்கு அழுகின மீனிலா என்று நீங்கள் கேட்பீர்கள். என்ன செய்ய, அதில்தான் வருகிறது.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதப் பழக்கமில்லை. மகளிடம் நோட்டு வாங்கி எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவள் திருத்தித் தருவாள். விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களை முதலில் பார்த்தது தண்டையார்பேட்டையில், உங்கள் சந்தில். எண்ணூரிலிருந்து பஸ் ஏறி, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கருவாடு விற்க வருவேன். நீங்கள் வாங்குவது நூறு கிராம். பேரம் பேசுவது கால் மணி நேரம். ஒரு நெத்திலியைப் பிட்டு வாயில் போட்டு மணல் நறநறக்கிறதா என்று பார்ப்பீர்கள். "இன்னாமே, நான் மீனு வாங்க வந்தனா, பீச்சு வாங்க வந்தனா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். சந்தே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து மணலில் நேராகக் காயப் போடாமல் பழைய வலையை விரித்து அதன் மேல் போட ஆரம்பித்தேன். அதை நீங்கள் கவனித்தீர்கள். ஆனாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்டீர்கள்.

அப்போது நான் தண்டல்காரனின் தினவசூல் கடனில் மாட்டியிருந்தேன். பத்தாயிரம் என்று எழுதுவான், கையில் எட்டாயிரத்து ஐநூறு கொடுப்பான். தினம் நூறு ரூபாய், நூறு நாளைக்கு. அது முடிவதற்குள் அடுத்தது வாங்க வேண்டி வந்துவிடும். ஒரு சாயங்காலம் உங்கள் சந்து முனையில் அவன் பைக் நிற்பதைப் பார்த்துவிட்டு, கூடையோடு உங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் நுழைந்துகொண்டேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தீர்கள். அவன் போன பிறகுதான் விவரம் கேட்டீர்கள். நான் சொல்லி முடித்ததும், "அப்ப நீ மீனு விக்கல. அவனாண்ட சம்பளம் இல்லாம வேல செஞ்சிகினு கீற" என்றீர்கள். வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பேச்சு என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

ஹார்பரில் மூட்டை தூக்கிய உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த பணம் உங்கள் பீரோவில் சும்மா கிடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பேங்கில் போடு என்றார்களாம். வட்டி வேண்டாம் என்றீர்களாம். நகை வாங்கிக்கொண்டு வட்டிக்கு விடு என்று கூடப் பிறந்தவரே சொல்லியிருக்கிறார். அவரோடு ஆறு மாதம் பேசவில்லையாம். கடைசியில் பள்ளிவாசல் ஹஜரத்திடம் போய்க் கேட்டு, தெளிவாகத் தெரிந்துகொண்டு வந்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்.

"பணம் என்து, பாடு உன்து. லாபம் வந்தா பாதி பாதி. நட்டம் வந்தா என் பணம் போச்சு, உன் பாடு போச்சு. நீ எனக்குத் திருப்பித் தர வேணாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பணம் கொடுக்கிறவர் நட்டத்தை ஏற்றுக்கொள்வதை நான் எங்கும் பார்த்ததில்லை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நீங்கள் பேப்பரில் எழுதச் சொல்லி, எதிர்வீட்டுத் தையல்காரரையும் அவர் அண்ணனையும் சாட்சி வைத்து, இருபதாயிரத்தை என் கையில் கொடுத்தீர்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டீர்கள். மாதம் முடிந்தால் லாபமோ நட்டமோ நானே வந்து வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினேன்.

அங்கேதான் தப்பு செய்தேன், பாயம்மா. எங்கள் குப்பத்துப் பழக்கத்தை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நட்டம் என்ற சொல்லை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். கடலுக்குப் போனவன் வெறும் வலையோடு திரும்பினாலும் 'பரவாயில்ல' என்றுதான் சொல்வான். சொன்னால் அது காதில் விழுந்து, வழி தெரிந்துகொண்டு, வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிடும் என்பார் என் மாமியார். ஒருநாள் வாய் தவறிச் சொன்னதற்கு என்னைக் கடலில் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னார்.

முதல் வருஷம் நன்றாகப் போனது. தண்டலை அடைத்தேன். காசிமேட்டு ஏலத்தில் கையில் காசோடு நின்றேன். ஒரு மாதம் உங்கள் பங்கு இரண்டாயிரத்துக்கு மேல், ஒரு மாதம் எழுநூறு. எழுநூறு கொடுத்த அன்று நான் தலை குனிந்து நின்றேன், நீங்களோ எனக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள்.

பிறகு அந்த மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, விரித்திருந்த நெத்திலி மொத்தமும் கெட்டது. கோழித் தீவனத்துக்குக்கூட நல்ல விலை இல்லை. மாதம் முடிந்தது. உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது, உங்கள் சர்க்கரை மாத்திரைக்கு என்ன செய்வீர்கள், இனிமேல் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்களோ என்று என்னென்னவோ ஓடியது. மறுபடியும் தண்டல்காரனிடம் போனேன். ஆயிரத்து ஐநூறை எண்ணி உங்கள் கையில் வைத்து, பரவாயில்ல பாயம்மா என்றேன். அடுத்த மாதமும் அதே ஆயிரத்து ஐநூறு. அதற்கடுத்த மாதமும்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் குப்பத்துக்கு வந்துவிட்டீர்கள். புர்காவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற மணலில் நடந்து வந்தீர்கள். அந்த நேரம் பார்த்து தண்டல்காரன் என் வசூல் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தான். அவன் போகும்வரை தள்ளி நின்றீர்கள்.

"மூணு மாசமா ஆயிரத்தி ஐநூறு. கூட இல்ல, கொறச்சலும் இல்ல. லாபம் அப்டி வராதுமே. வட்டிதான் அப்டி வரும்."

நான் அட்டையை முந்தானைக்குள் மறைத்தேன்.

"அவனாண்ட வாங்கித்தான் எனக்குக் குட்த்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"என்னை வட்டி துன்ன வெச்சிட்டியே, செல்வி."

நீங்கள் கத்தியிருந்தால் தேவலாம். மெதுவாகத்தான் சொன்னீர்கள். எங்கள் ஊரில் நட்டம் என்று சொல்ல மாட்டோம் என்று அப்போதுதான் உங்களிடம் சொன்னேன். கடலைப் பார்த்து, "இன்னா ஊருமே இது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். பத்து நாளுக்கு மேல் ஆள் வரவில்லை, போனும் வரவில்லை. பாயம்மா போய்விட்டார் என்றே நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தீர்கள். பிளாஸ்டிக் கவரில் நாலாயிரத்து ஐநூறு. தெரியாமல் தின்றது, உன்னோடது உன்னிடமே இருக்கட்டும், முதலில் அந்த ஆளை அடைத்து அனுப்பு என்றீர்கள். செலவாகிப்போன பணத்துக்கு எங்கே போனீர்கள் என்று உங்கள் காதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உங்கள் பள்ளிவாசலில் நகையை வாங்கி வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் பணம் கொடுப்பார்கள். தோட்டைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு, காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வந்திருந்தீர்கள். அதை மீட்க ஏழு மாதம் ஆனது. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அன்றைக்கே "எவ்ளோ போச்சு, இப்ப சொல்லு" என்றீர்கள். நான் உங்களைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், விற்றது போக மிச்சமிருந்த கெட்ட நெத்திலி மூட்டையைக் காட்டினேன். கையை உள்ளே விட்டு அள்ளி மோந்து பார்த்தீர்கள். முகம் கோணிப் போனது. இதற்குப் பேர் என்ன, சொல் என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "சொல்லேன், செத்தா பூடுவ?" என்று விடாமல் கேட்கவும், பரவாயில்ல என்றேன். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நமக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. நட்டம் வந்தால் வாயால் சொல்ல மாட்டேன். கெட்ட மீனில் ஒரு கை அள்ளிப் பேப்பரில் சுற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவேன். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, புரிந்தது, வெளியே கொண்டுபோய்ப் போடு என்பீர்கள். என்றைக்காவது வாயால் சொல்லுவாய் என்பீர்கள். மிச்சமிருந்த பணத்தில் மறுபடி தொடங்கி, பல வருஷம் அப்படியே ஓட்டினோம்.

பெரியாஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த ஆறு நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். உப்பு போட்டு வைத்திருந்த சுறாவை நாத்தனாரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவள் உப்பைச் சிக்கனம் பிடித்திருக்கிறாள். மொத்தமும் புழு வைத்துவிட்டது என்று ஐந்தாம் நாள் போன் வந்தது. அன்று சாயங்காலம் நீங்கள் கண் திறந்து, யாவாரம் எப்படிக் கீது என்று கேட்டீர்கள். அந்த நிலைமையில் உங்கள் கையில் புழு வைத்த சுறாவையா கொண்டுவந்து காட்டுவேன்? பரவாயில்ல, பாயம்மா என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

கடைசியாக உங்களிடம் பேசினது பொய்.

உங்களைத் தூக்குவதற்கு முன்னால் உங்கள் மகன் சந்தில் நின்று, அம்மாவோடு கொடுக்கல் வாங்கல் யாருக்காவது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். தையல்காரர் வீட்டுப் படியில் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பணத்தைப் பற்றிய பயம் கொஞ்சம்தான். வாயால் சொல்ல வேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள், அதை உயிரோடு இருக்கும்வரை செய்யவில்லையே என்பதுதான் தொண்டையில் நின்றது.

இருபதாம் நாள் போனேன். கையில் மீன் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சப் பணத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன். உங்கள் மகன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு, நீங்கள் உட்காருகிற இடத்திலேயே என்னை உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, நட்டம். சுறா முச்சூடும் போச்சு. உங்கம்மா பணத்துல பாதிதான் இப்ப கைல கீது. ஆஸ்பத்திரில கேட்டாங்கோ, நான் பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு நின்றேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

உங்கள் மகன் என் முகத்தையே பார்த்தார். "தெரியும்க்கா. அன்னிக்கி ராவே, நீங்கோ டீ வாங்கப் போனப்போ, அம்மா சொன்னாங்கோ. செல்வி மொகத்தப் பாத்தா பெருசா போச்சுன்னு தெரீது, அதுவா வந்து சொல்லும், அதுவரிக்கும் நீ போய் அது வாசல்ல நிக்காதேன்னாங்கோ." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நாப்பது நாளாவும்னு நெனச்சேன், சீக்கிரமா வந்துட்டீங்கோ" என்று லேசாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. நீங்கள் போன நாளில்கூட எனக்கு அப்படி வரவில்லை.

இருந்த பணத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டோ எஃப்.சி.க்கு வேண்டும் என்று மகன் தன் பங்கை வாங்கிக்கொண்டார். புளியந்தோப்பில் இருக்கிற உங்கள் மகளுக்குப் போன் போட்டார். அவள், என் பங்கு செல்வியக்காவிடமே இருக்கட்டும், அம்மா பேசின பேச்சுப்படியே நடக்கட்டும் என்றாள். பழைய சாட்சி ஒருவர் இப்போது இல்லை. தையல்காரர் மட்டும் வந்து புதுப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். இன்னொரு ஆம்பளைச் சாட்சி இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் வேண்டுமாம், அவர் சம்சாரமும் பக்கத்து வீட்டம்மாவும் சேர்ந்து போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவொற்றியூர் தாண்டினது எனக்குத் தெரியாது. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுப்பி, "இன்னாம்மா, வூட்ட வித்துட்டு வந்தியா, இப்டித் தூங்கற?" என்றார். இறங்கித் திரும்பி நடந்தேன். கூடை இல்லாத தலை லேசாக இருந்தது. தண்டல் காலத்தில் பஸ்ஸில் ஒருநாளும் நான் கண்ணை மூடினதில்லை, பாயம்மா.

போன வாரம் வாளை வாங்கிப் போட்டேன், விலை இறங்கிவிட்டது. உங்கள் மகளுக்குப் போன் போட்டு நானாகவே சொன்னேன். சரிக்கா என்றாள், அவ்வளவுதான். மணலில் நாத்தனார் எதிரே வந்து, வாளை என்ன ஆச்சு என்று கேட்டாள். நாலு பேர் நின்றிருந்தார்கள். நட்டம் என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.