இரண்டாவது வலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. மழையில் உடைந்த பாலத்தைப் போன வாரம்தான் சரி செய்தார்கள். கொஞ்சம் முன்பே செய்திருந்தால் உன் மகளின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்த்திருப்பாய். நம் வாலு இல்லாத வீட்டில் சத்தமே இல்லை.

பாலம் சரியானதும் லாரியில் கொசுவலைகள் வந்து இறங்கின. மலேரியா ஒழிப்புக்காரர்கள் முதலில் கொடுத்தது போதாமல், மீதியை அனுப்புவதாகச் சொன்னார்களே, அவைதான்.

உன் மனைவிக்கு நீ எழுதியதை நானும் படித்தேன். வலை இருந்தும் பிள்ளைக்குக் கட்டாதவள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ அவசரக்குடுக்கை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

தம்பி, வீட்டுக்கு ஒரு வலைதான் கொடுத்தார்கள். மரம் வெட்டும் முகாமில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டு அந்த ஒன்றைத்தான் உன் பெட்டியில் வைத்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ எடுத்துப் போயிருக்க மாட்டாய். அதனால்தான், "ரெண்டு குடுத்தாங்க, ஒண்ணு உங்களுக்கு" என்றாள். மழைக்கு முன்பே லாரி வந்துவிடும் என்று நம்பினாள். அது வாலு படுத்திருந்த வலையேதான்; சந்தேகமாக இருந்தால் அதன் மூலையைப் பார். வாலு கத்தரிக்கோல் வைத்த இடத்தில், அவளுடைய நீலப் பாவாடைத் துணியையே ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறேன்.

இப்போது உன் மனைவி சாயங்காலமானால் வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு வலையை இறக்கிப் பாய்க்கு அடியில் செருகிவிட்டு வருகிறாள். புழுங்குகிறது என்று யாராவது சலித்துக்கொண்டால், "புழுங்கட்டும், பொழுது விடிஞ்சா பிள்ளை இருக்கும்ல" என்கிறாள். வலையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போர்த்தியிருந்த டீக்கடைக்காரரே அதை அலசிக் கட்டிவிட்டார்.

ஆனால் அவளுடைய புது வலையை மட்டும் இன்னும் பிரிக்கவே இல்லை. வாலு படுத்த பாயில் வெறுமனே கிடக்கிறாள். திட்டினேன், கெஞ்சினேன். "பிள்ளைக்கு இல்லாதது எனக்கு எதுக்கு அண்ணி" என்கிறாள். அவளையும் பறிகொடுக்க என்னால் ஆகாது.

நீ சொன்னால் கேட்பாள். நீளமாக எழுத வேண்டாம். வலையைக் கட்டிப் படு என்று ஒரு வரி போதும்.

நீயும் ஆத்திரத்தில் உன் வலையைக் கழற்றி எறிந்துவிடாதே. தூக்கம் வராவிட்டாலும் அதற்குள்ளேயே படு. அழுவதானாலும் அதற்குள் படுத்தே அழு.

நீ நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும்.

உன் அக்கா