உப்புப் பெண்ணின் மேகம்

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இனி எழுதும் எல்லாக் கடிதங்களிலும் கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதல் வரியிலேயே உறுதி சொல்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போது என் காதைத் திருகி வாங்கிய வாக்கு அல்லவா! "எல்லாரும் எனக்குச் சர்க்கரை தடவித்தான் பேசுவாங்க. நீயாவது உள்ளதைச் சொல்லுடி" என்றீர்கள். காது இன்னும் சிவந்திருக்கிறது. (இது பொய். மறுநாளே சரியாகிவிட்டது. பாருங்கள், முதல் கடிதத்திலேயே ஒரு திருத்தம்.)

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அப்பா சொன்னார். தங்கையைப் பற்றி மூன்று வார்த்தைக்கு மேல் அவர் பேசமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். மீதியை நீங்கள் எழுதுங்கள்.

நேற்று பாலேயில் உங்கள் உப்புப் பெண் வேடத்தில் புதியவள் ஆடினாள். நான் அரங்கின் மேலே, அப்பா மேடை விளக்குகளை இயக்கும் விளக்கு அறையில், அந்த ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவளுக்குக் கழுத்து நீளம். தேவைக்கு மேல் நீளம். சிலைக்கு உயிர் வரும் இடத்தில் நீங்கள் விரல் நுனியிலிருந்து விழிப்பீர்கள். இவள் அலாரம் அடித்தது போல மொத்தமாக விழித்தாள். கைதட்டல் சுமார்தான்.

பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி, "சும்மா கால் நுனியில நிக்கறதுக்கு எதுக்குடி டிக்கெட்? பரண்ல டப்பா எடுக்க எங்கம்மா தினம்தான் நிக்கறாங்க" என்றாள். நான் அவளுக்குக் கதை சொன்னேன். உப்பால் செய்த சிலை ஒரு பெண்ணாகிறது. மழையில் நனைந்தால் கரைந்துவிடுவோம் என்று தெரிந்தும், மழையை ஒருமுறை தொட்டுப் பார்க்க அதற்குள் பாய்கிறாள். கடைசிவரை கேட்டாள். பிறகு, "லூசா அவ?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து அதுதான் சரியான விமர்சனம்.

உங்கள் பழைய பாலே ஷூ என் அலமாரியில் அகராதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுனி தேய்ந்து பஞ்சு தெரிகிறது. அம்மா தூக்கிப்போடப் பார்த்தார், தடுத்துவிட்டேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
முட்டைக்கண்ணி

மார்ச் 13

என் முட்டைக்கண்ணிக்கு,

அத்தையின் முத்தங்கள். கடிதத்தைப் பயிற்சியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். என் காலை மடக்கி நீட்டி என்னை அலறவைக்கும் அந்த அம்மாள், அலாரம் வந்த இடத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கூடுதலாக மடக்கிவிட்டார்.

ஆனால் நீ என் ரசிகையாக எழுதுகிறாய். எனக்கு வேண்டியது ரசிகை இல்லை, கண். நீளக் கழுத்து ஒரு குறையா? எனக்கு அது இல்லையே என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன் தெரியுமா!

என் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நம் நடன மாஸ்டர் பார்த்தால் "மறுபக்கம் யாரு சுத்துவா?" என்று பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்தபடி முழு ஆட்டத்தையும் கைவிரல்களால் போர்வையின் மேல் ஆடிப் பார்க்கிறேன். டாக்டர், "படி ஏறலாம், நடக்கலாம். குதிக்கறதை மறந்துடுங்க" என்கிறார். குதிப்பதை மறந்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது, இவருக்கு யார் சொல்வது?

சீசன் முடிந்ததும் சுற்றுப்பயணத்துக்கு யார் என்று மாஸ்டர் முடிவு செய்வார். அதற்குள் நான் எழுந்து நிற்க வேண்டும், கண்ணு. கல்யாணம் வேண்டாம் என்றேன், சொந்த வீடு வேண்டாம் என்றேன், உன்னைத் தவிரப் பிள்ளையும் வேண்டாம் என்றேன். எல்லாம் அந்த ஒரு வேடத்துக்காக. அது போனால் என்னிடம் எடுத்துக்காட்ட எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் உற்றுப் பார்த்து எழுது. மழைப் பாய்ச்சலில் மேகம் வருமே, நான் தரையிறங்கும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று மங்குமே, அந்த அரையிருட்டில் அவள் எப்படி இறங்குகிறாள்? அங்கே கால் எங்கே ஊன்றுகிறது என்று ஆடுகிறவளுக்கே தெரியாது. பத்திரிகைக்காரர்கள் என்னைக் கொண்டாடியதே அந்த இடத்துக்காகத்தான். அவள் அங்கே தடுமாறினால் என் வேடம் எனக்குத் திரும்பி வரும். அடுத்தவள் தடுமாற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், பார். படுத்தே கிடந்தால் மனசு இப்படித்தான் புளிக்கிறது.

அத்தை

மார்ச் 25

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? நீங்கள் திட்டியது சரி. இந்த முறை ரசிகையை வீட்டில் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டுபோனேன்.

உண்மை இதுதான். புதியவள் நன்றாக ஆடுகிறாள். இதை எழுதுவதற்குள் பேனாவை மூன்று தரம் கீழே வைத்துவிட்டேன். உங்களைப் போல் இல்லை. உங்களைப் பார்க்கும்போது என் முக்காலி ஆடாமல் நின்றுவிடும். அவளைப் பார்க்கும்போது ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாய்ச்சலில் இலை விழுவது போல இறங்கினாள். தடுமாறவில்லை.

ஆனால் அவளுக்கு மேகம் வரவேயில்லை! முழு வெளிச்சத்தில்தான் இறங்கினாள். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, "அப்பா, மேகம்!" என்று அவர் சட்டையை இழுத்தேன்.

"சும்மா இரு, வேலை நேரத்துல."

காட்சி முடிந்ததும் மறுபடி கேட்டேன். "அதை மாஸ்டர் எடுத்துட்டார்" என்று சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் ஆறவில்லை. அவ்வளவு அழகான மேகத்தை யாராவது எடுப்பார்களா? மறுநாள் பின்வாசலில் மாஸ்டரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"எந்த மேகம்?" என்றார் அவர். "நான் எந்த மேகமும் வெக்கலையே. அது உங்கப்பா கைவேலை. உங்கத்தை ஆடுற அன்னைக்கு மட்டும் வரும். நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அத்தை, எனக்கு அழுகையே வந்துவிட்டது, பெருமையில்! அப்பா உங்களுக்கென்றே ஒரு மேகம் செய்து வைத்திருக்கிறார். வேறு யாருக்கும் தரமாட்டார். பிறந்தநாளுக்குக்கூட வாழ்த்துச் சொல்லத் தெரியாதவர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு பாசம் காட்டியிருக்கிறார்! இந்தச் செய்தி எந்த மருந்தைவிடவும் சீக்கிரம் உங்களைக் குணமாக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள்
முட்டைக்கண்ணி

ஏப்ரல் 2

கண்ணு,

உன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுது. எப்போதிலிருந்து?

அவர் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுது. உன் அழகெல்லாம் சேர்க்காதே.

அத்தை

ஏப்ரல் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ முட்டி மடங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. ஒரு நாள் இறங்கும்போது கால் உள்ள போச்சு. விழல. ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். அவளுக்கே தெரிஞ்சிருக்காது, ஆட்ட வேகம் அப்படி. எனக்கு மேலேர்ந்து தெரிஞ்சுது. அடுத்த நாளும் அப்படியே. ஊரே பார்க்கணுமா அதை? கை தானா வெளிச்சத்தை இறக்கிடுச்சு. மறுநாள் பேப்பர்ல மேகம் மேகம்னு எழுதிட்டாங்க. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

நான், "அத்தைகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. அப்பவே டாக்டரைப் பார்த்திருப்பாங்களே" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதைத்தான் இத்தனை நாளா நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மா, "உனக்குக் கணக்குல இந்தக் கவனம் இருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். வழக்கமாக அதைக் கேட்டு நாங்கள் மூவரும் சிரிப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அத்தை, நான் பரிசு என்று நினைத்துத்தான் எழுதினேன். படித்ததையெல்லாம் புரிந்துகொள்கிறவள் என்று எனக்குக் கர்வம், பார்த்ததைப் புரிந்துகொள்ளவில்லை. தயவுசெய்து என்னைத் திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது தெருமுனைவரை அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா உங்களைப் போனில் கூப்பிடுகிறார், நீங்கள் எடுப்பதில்லையாமே. அவர் சாப்பிடுகிற அளவு குறைந்துவிட்டது.

உங்கள்
முட்டைக்கண்ணி

மே 30

முட்டைக்கண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு உன்மேல் கோபம் காரணம் இல்லை. கேட்டது நான், சொன்னது நீ. கண்ணைக் கேட்டுவிட்டு அது பார்க்கிறதே என்று குறைபட முடியுமா?

ஆனால் யோசித்துப் பார். எந்த இடத்துக்காக எனக்குக் கைதட்டினார்களோ அந்த இடத்தில் நான் தடுமாறிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர்கள் கைதட்டியது அண்ணனின் கைப்பிடிக்கு. நானோ மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு குனிந்து நின்றேன். இங்கே படுத்தபடி, கேட்ட ஒவ்வொரு கைதட்டலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முடியவே மாட்டேன் என்கிறது.

சீசனின் கடைசி மதியக் காட்சியில் நான் ஆடுகிறேன். மாஸ்டரிடம் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. "ஒரே ஒரு காட்சி. அதைப் பார்த்துட்டுத்தான் பயணத்துக்கு யாருன்னு சொல்லுவேன்" என்றார். டாக்டர் சம்மதிக்கவில்லை, என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன். பயிற்சியம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணனிடம் சொல். மேகம் வேண்டாம். முழு வெளிச்சம். மடங்கினாலும், விழுந்தாலும், அப்படியே கிடந்தாலும் முழு வெளிச்சம். கைப்பிடி ஒரு மயிரிழை இறங்கினாலும் எனக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லை. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் பார். உன்னைத்தான் நம்புகிறேன்.

ஒரே ஒருமுறை, என் காலால் நானே இறங்கிப் பார்க்க வேண்டும். லூசா அவள் என்று உன் தோழி கேட்டாளே, ஆமாம் என்று சொல்.

அத்தை

ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

இதை விளக்கு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்.

பின்வாசலில் உங்களை வண்டியில் ஏற்றும்போது நான் ஓடிவந்தேன். நீங்கள் அப்பாவைத் தேடவில்லை. என் காதைத் தொட்டீர்கள், திருகவில்லை. "எழுது. எல்லாத்தையும்" என்றீர்கள். வண்டி கிளம்பிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

சிலைக்கு உயிர் வரும் இடத்தில் என் முக்காலி ஆடாமல் நின்றது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. உடம்பெல்லாம் பூசிய வெள்ளைப் பொடி விளக்கில் மின்ன, விரல் நுனியிலிருந்து விழித்தீர்கள். அந்த இடத்தில் புதியவள் உங்கள் கிட்டேகூட வரமுடியாது. திரை ஓரத்தில் நின்று அவளே வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பாய்ச்சலுக்கு முன் அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். சின்னப் பிள்ளை போல. வெளிச்சம் முழுதாக இருந்தது. நீங்கள் பாய்ந்தீர்கள். உயரம் குறைவுதான், ஆனால் அழகு. இறங்கினீர்கள். முட்டி உள்ளே போயிற்று.

நீங்கள் விழுந்துவிட்டீர்கள், அத்தை. அதில் அழகு எதுவும் இல்லை. வலது கையை ஊன்றினீர்கள். அந்தச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. முன்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். பின்னால் ஒருவன் சிரித்தான். இசை உங்களைவிட்டு முன்னே போய்விட்டது. நீங்கள் எழ முயன்றீர்கள், முடியவில்லை. பிறகு முயல்வதை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே கைகளால் மட்டும் கரைந்தீர்கள். அதை வேறு யாரும் அப்படிச் செய்ய முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கைதட்டல் தயங்கித்தான் வந்தது. மாஸ்டர், "பயணத்துக்குப் புதுசுதான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இதையும் எழுதச் சொன்னீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதாவிட்டால் மேலே எழுதிய எதற்கும் மதிப்பில்லை.

உங்கள் முட்டி மடங்கிய அந்தக் கணத்தில் கைப்பிடியை நோக்கி ஒரு கை போயிற்று. அது அப்பாவின் கை இல்லை. என்னுடையது. நான் யோசிக்கவே இல்லை, அத்தை. அப்பா சொன்னாரே, கை தானாக இறக்கிவிட்டது என்று, அப்படித்தான் அது போயிற்று. காவலுக்கு வைத்த ஆளே திருடப் போனேன். அப்பாதான் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இறுக்கிப் பிடித்தார், இன்னும் வலிக்கிறது. "வேணாம்மா. அவ கேட்டது இதைத்தான்" என்றார். அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது. நீங்கள் கரைந்து முடிகிறவரை என் கையை விடவில்லை. ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. உங்களுக்கு அண்ணன் இருக்கிறார்.

என்னை இனிக் கண்ணாக வைத்துக்கொள்வீர்களா என்று தெரியவில்லை. பதில் எழுத வேண்டும் என்று வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை. தபால்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மேடையின் கறுப்புத் தரையில் நீங்கள் ஊன்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு கை பதிந்திருக்கிறது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிகிறது. கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்தார். அப்பா மேலிருந்தே, "அதைக் காலைல பார்த்துக்கலாம்மா" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா போய்விட்டார். இப்போது ஒரு விளக்கு மட்டும் அந்தக் கையின் மேல் எரிகிறது. அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி, "பார்த்துட்டியா?" என்று கேட்கிறார். பார்த்துவிட்டேன் என்றேன். மெதுவாகப் பாதிக்கு இறக்கினார். மேகம் வந்து அந்தக் கையின் மேல் சற்று நின்றது.

பிறகு அதையும் அணைத்துவிட்டார்.