ஐந்தேகால் மணித் தட்டு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். காலை எடைக்குறைப்பு வகுப்புக்கு லீவு சொல்லிக் குரூப்பில் போட்டேன். காரணம் எழுதவில்லை.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. இவருடைய ரிப்போர்ட் வந்துவிட்டது. இரைப்பையில். டாக்டர் அதுவரை கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடை எப்போதிருந்து குறைகிறது என்று டாக்டர் கேட்டார். எட்டு மாதமாக, எழுபத்திரண்டு இருந்தது, இப்போது ஐம்பத்தொன்று என்றேன். நீங்கள் யாரும் கவனிக்கவில்லையா என்றார். கவனிக்காமல் என்ன? வாராவாரம் நான்தான் தராசில் ஏற்றி எழுதிவைத்தேன். ரிப்போர்ட் வைத்திருந்த பைல் என் வகுப்பில் கொடுக்கிற பைல். மேலே பெரிய எழுத்தில் 'உடம்பு சொல்வதைக் கேளுங்கள். வசந்தா, ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கும். மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

இப்போது ஆபரேஷன் முடியாதாம். முதலில் ஊசி மருந்து. அதையும் இந்த எடை தாங்காது. 23ஆம் தேதிக்குள் மூன்று கிலோ ஏற்றிக் கொண்டுவாருங்கள், ஆரம்பிக்கலாம் என்றார்.

ஐம்பத்து நான்கு. பதினான்கு நாள். இத்தனை பேருக்குக் குறைத்துவிட்டேன், ஒருவருக்கு ஏற்றத் தெரியாதா எனக்கு.

வாங்க:
நெய் 1 கி.
வேர்க்கடலை
நேந்திரம்பழம்
பேரீச்சை
பால் (கொழுப்பு எடுக்காதது)
சர்க்கரை. எட்டு மாதம் கழித்து இந்த வீட்டுக்குள்.

ராகி இருக்கிறது, கௌதள்ளியில் இருந்து நாத்தனார் அனுப்பியது.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை, காற்று. பக்கத்து வீட்டு மாடித் தோட்டத்துத் தொட்டி ஒன்று விழுந்து உடைந்தது.

காலை: பேரீச்சை அடித்த பால், முக்கால் டம்ளர் உள்ளே போனது.
11 மணி: பழம் பாதி.
மதியம்: குழைந்த சாதம், பருப்பு, நெய். ஐந்து வாய்.
மாலை 5.15: ராகி முத்தை (களி), நெய், கீரைச் சாறு.

இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது நான் கொண்டுவந்த சட்டம். தட்டை இவர் கையில் கொடுத்த கையோடு ஐந்தரை வகுப்புக்கு மாடி ஏறிவிடுவேன். இவர் வாசல் நாற்காலியில் காற்றாட உட்கார்ந்து சாப்பிடுவார். இறங்கி வரும்போது தட்டு கழுவி ஸ்டாண்டில் இருக்கும். இன்றும் அப்படியே. இந்த உடம்போடு தட்டுக் கழுவ வேண்டுமா என்று சத்தம் போட்டேன். சிரித்தார்.

மாலை வேளை நன்றாக இறங்குகிறது. அதில்தான் கொழுப்பைக் கூட்ட வேண்டும்.

ஜூன் 11, புதன்

எழுதாமல் தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

தை மாதம். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை எடுத்துவிட்டு, "இப்பெல்லாம் அர முத்தையிலயே வகுறு நெறைஞ்சு போயிருது புள்ள, என்னான்னே தெரியல" என்றார். நான் என்ன செய்தேன்? கை தட்டினேன். அதுதாங்க வேணும், உடம்பு 'போதும்'னு சொல்றதை இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கீங்க என்றேன். அன்று மாலையே வகுப்பில் அதைச் சொன்னேன். இவரைக் கீழேயிருந்து வரவழைத்து நடுவில் நிறுத்தினேன். இருபது பேரும் கை தட்டினார்கள். கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சீக்கிரம் வயிறு நிறைவது எதற்கெல்லாம் அறிகுறி என்று எனக்குத் தெரியும். படித்த புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். இவர் சொன்னபோது அது என் வெற்றியாகத்தான் காதில் விழுந்தது.

மகள் கவிதா பெங்களூரில் இருந்து போன். அழுதாள். நடுவில், "அப்பா ஹீரோ மாதிரி ஆயிட்டாருன்னு நீதானம்மா போஸ்ட் போட்டே?" என்றாள். குத்திக்காட்ட அவள் கேட்கவில்லை, எனக்கு அப்படித்தான் கேட்டது. அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். இடது பக்கம் தொப்பையோடு, வலது பக்கம் ஒட்டிய கன்னத்தோடு. கீழே நூற்றுக்கும் மேல் வாழ்த்து.

ஜூன் 13, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

எடை 50.8. எப்படி? நான் வைத்ததெல்லாம் உள்ளே போயிருந்தால் அரை கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறை. தராசின் மேல் சந்தேகம். பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். பத்து காட்டியது. நான் ஏறினேன். எனக்கு ஒரு கிலோ குறைந்திருக்கிறது. யாருக்கு வேண்டும்?

முட்டை வாசனை பிடிக்கவில்லையாம். விட்டுவிட்டேன். மாலை முத்தையில் நெய் இரண்டு கரண்டி, வேர்க்கடலைப் பொடி ஒரு பிடி. தட்டு காலி.

ஜூன் 14, சனி

வகுப்புக்கு ஷீலா துள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் வரிசையில் கடைசி வீடு, ஐ.டி. வேலை. "ஆன்ட்டி, ஆறு கிலோ ஹோகிதெ, போயிடுச்சு! இப்ப ரெண்டு தோசைலயே ஃபுல் ஆயிடுது." எல்லோர் முன்னாலும், "நாளைக்கே போய் வயிற்றை டெஸ்ட் பண்ணு, ரிப்போர்ட் காட்டாமல் இங்கே வராதே" என்று கத்தினேன். அவள் முகம் விழுந்துவிட்டது. மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சீக்கிரமே இறங்கிப் போனார்கள்.

யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார்கள் என்று தெரியும்.

கேஸ் புக் செய்ய.

ஜூன் 16, திங்கள்

எடை 50.1. குளியலறையில் இருந்து வரும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று நாளை வரை படுக்க வைத்துவிட்டார்கள். கவிதா வந்து துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள். மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். மணி ஐந்தே கால்.

வாசலில் ஒரு மாடு. செவலை, ஒரு கொம்பு உள்பக்கம் வளைந்தது. தெருவில் பார்த்திருக்கிறேன். கேட்டின் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. விரட்டினேன். போகவில்லை. நாற்காலியைப் பார்த்து ஒரு முறை கத்தியது.

பக்கத்து வீட்டுச் சுலோசனா மதில் மேல் எட்டிப் பார்த்து, "அதை ஏன் ஓட்டறீங்க? உங்க வீட்டுக்காரர் வரலேன்னு காத்துட்டு இருக்கு" என்றார்.

"இவருக்கும் மாட்டுக்கும் என்னங்க?"

"அய்யோ, நிமகெ கொத்தில்வா? உங்களுக்கே தெரியாதா? டெய்லி இந்த டைம்தானே, நீங்க மாடிக்கு ஏறின உடனே முத்தையை உருட்டி உருட்டி அதும் வாயில கொடுப்பாரு. சங்கராந்தி ஆனப்புறம் ஒரு நாள் தப்பினதில்லே. எவ்வளவு புண்ணியம்னு எங்க வீட்டுல பேசிக்குவோம்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அது நின்று நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

துணி எடுக்க மறந்து கிளம்பி, திரும்ப வந்து எடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். லேசான மழை. கவிதாவைத் தூங்கச் சொன்னேன்.

இவருடைய உடம்பு நோட்டைத் தேடி எடுத்தேன். வகுப்பில் எல்லோருக்கும் கொடுப்பதுதான். பசி பத்துக்கு எத்தனை, நிறைவு பத்துக்கு எத்தனை, மனசு எப்படி என்று மூன்று கட்டம். தினமும் எழுத வேண்டும். அட்டையில் 'ரங்கசாமி' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். உள்ளே ஒரு நாள் விடவில்லை. பசி 7, நிறைவு 7, மனசு நன்று. பசி 7, நிறைவு 7, மனசு நன்று. தையில் இருந்து முந்தாநாள் வரை ஏழு. ஏழு இருந்தால் நல்லது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒழுங்காக எழுதுவதற்கு உதாரணம் என்று இந்த நோட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "மாட்டுக்கு எப்ப இருந்து குடுக்கறீங்க?"

ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "தையில இருந்து."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னனே புள்ள. ஒருக்கா சொன்னேன். நீயி மேல கூட்டிட்டுப் போயி எல்லாரையும் கை தட்ட வெச்சே. உன்ற மொகம் அன்னைக்கு அத்தன சந்தோசமா இருந்துச்சு. அப்பறம் மறுக்காச் சொல்றதுக்கு மனசு வல்லே."

"உசுரு போற விசயமுங்க."

"அது எனக்குத் தெரியுமா? நீயி படிச்சவ. நீ நல்லதுன்னு சொன்னா நல்லதாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"சரி, டாக்டர் சொன்னதுக்கு அப்பறமுமா?"

"ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. நீ நெய்ய ஊத்தி ஊத்திக் கொண்டாந்து வெக்கறே. மீதி வெச்சா அழுவே."

ஒரு சொட்டுக் கோபம் இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முப்பத்தொரு வருஷம் இந்த மனுஷனோடு இருந்திருக்கிறேன். இவருக்கு என்னிடம் பயம் இருந்ததில்லை. என் சந்தோஷத்தைக் கெடுத்துவிடுவோமோ என்றுதான் பயந்திருக்கிறார். பயந்து பயந்தே கரைந்துபோனார், நான் அதை எழுதி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, புதன்

மழை. ஒன்றும் எழுத இல்லை.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரைப்பை, எட்டு மாதம், தையில் அவர் சொன்னது, நான் கை தட்டியது, எல்லாம். வகுப்பு இனி இல்லை என்றேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ ஆறுதல் சொன்னார், காதில் ஏறவில்லை.

ஷீலா கடைசியாக நின்றாள். டெஸ்ட் எடுத்தாளாம். ஒன்றுமில்லை, வெறும் கேஸ். "சாரி ஆன்ட்டி, அன்னிக்கு உங்க மேல கோபம் வந்துச்சு." நல்லதும்மா என்றேன். நல்லதுதான். ஆனால் ஒரு நொடி வயிறு எரிந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை, இவருக்கு இருக்கிறது. அசிங்கம்தான். யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

மாடிச் சுவரில் 'உடம்பு பொய் சொல்லாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். துடைத்துப் பார்த்தேன். ஆயில் பெயின்ட். போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுந்ததும், "சக்கர போட்டு ஒரு காப்பி குடு புள்ள" என்றார். எட்டு மாதமாகக் கேட்டதில்லை. திக்காக, இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆ" என்றார். டம்ளரை நீட்டினார். மிச்சத்தை நான் குடித்தேன். எனக்குத் தித்திப்புத் தாங்கவில்லை.

பசி எத்தனை என்று கேட்டேன், பழக்கதோஷம். யோசித்தார். "ஒன்னு இருக்குமா? ஒன்னு போட்டுக்க." நோட்டில் எழுதினேன். இந்த நோட்டில் முதல் உண்மை.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை.

ஆஸ்பத்திரி. எடை 49.3. டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு முறை புரட்டிவிட்டு மூடினார். ஊசி மருந்து வேண்டாம், இவரைப் பாடுபடுத்த வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவர், "ஆகட்டுங்க" என்றார், கண்டக்டரிடம் அடுத்த பஸ்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி. எவ்வளவு நாள் என்று கவிதாதான் கேட்டாள். பதில் இங்கே எழுதப் போவதில்லை.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

5.15. முத்தையைச் சின்னதாக, தளர்வாகக் கிண்டினேன். வாசலில் இரண்டு நாற்காலி போட்டேன். மாடிக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உருட்டிக் கொடுத்தேன். ஒரு வாய். இரண்டு. மூன்றாவதை வெகுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"போதும் புள்ள."

இன்னும் ஒரு வாய் என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. சரிங்க என்றேன்.

மாடு வந்து கேட்டருகே நின்றது. இவர் எழப் பார்த்தார், முடியவில்லை. "நீயே குடு. பெருசா உருட்டாத, சின்னச் சின்னதாக் குடு." கொடுத்தேன். கையெல்லாம் எச்சில், சொரசொரவென்று நாக்கு. தட்டு காலியானதும் என் முகத்தைப் பார்த்தது.

பின்னாலிருந்து இவர் சொன்னார். "நாளைக்கும் குடு. நான் இல்லீன்னாலும் மறந்துராத. அது பாட்டுக்கு அஞ்சே காலுக்கு வந்து நிக்கும். நாந்தான் பழக்கி வுட்டுட்டேன்."

ராகி மாவு இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் வரும். மில்லில் அரைக்கக் கொடுக்க வேண்டும்.